வகுப்பு முடிந்த பிறகு யோகப் பயிற்சியை வீட்டில் தொடர்வது எப்படி?

மாடித்தோட்டம் (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த தொடக்கநிலை யோக வகுப்பு சென்ற மாதத்தோடு முடிந்தது. தாடாசனம், விருட்சாசனம், புஜங்காசனம், சேதுபந்தாசனம், பச்சிமோத்தானாசனம் முதலிய ஆசனங்களையும் நாடிசுத்தி மூச்சுப் பயிற்சியையும் ஆசிரியர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பு நடந்தவரை ஒழுங்காகப் போய்வந்தேன். உடல் இலேசானதையும் இரவில் தூக்கம் சீரானதையும் என்னாலேயே உணர முடிந்தது. இப்போது வீட்டில் தனியாகத் தொடர வேண்டும். அதற்கான ஒழுங்கு மட்டும் அமையவில்லை.

காலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை அடுப்படியும் பிள்ளைகளின் பள்ளி வேனும் என்னை விடுவதில்லை. எட்டே முக்காலுக்கு அலுவலகம் கிளம்ப வேண்டும். மாலை ஆறரைக்கு வீடு திரும்புகிறேன். படுக்கப் பதினொன்று ஆகிவிடுகிறது. வயது நாற்பத்திரண்டு. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்ன மருத்துவர், மாத்திரை இன்னும் தேவையில்லை, உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்கு செய்தால் போதும் என்றார். நாள் முழுவதும் கணினி முன் உட்காருவதால் கழுத்திலும் தோள்பட்டையிலும் பிடிப்பு உண்டு.

எந்த நேரம் ஏற்றது, எவ்வளவு நேரம் செய்வது, ஊருக்குப் போனாலோ பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலோ விட்டுப்போகும் பயிற்சியை மறுபடி எப்படிப் பிடிப்பது என்பவையே என் கேள்விகள். மனம் வைத்தால் முடியும் என்று பலரும் சொல்கிறார்கள். மனம் இருக்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

நெடுவழி (கோயம்புத்தூர்) எழுதியது:

வணக்கம் அம்மா. தொடக்கநிலையினருக்கு நெடுங்காலமாக யோகம் கற்பித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்வி மிக முக்கியமானது. ஆசனங்களைக் கற்றுத்தரும் வகுப்புகள் நிறைய இருக்கின்றன; கற்றதை வீட்டில் எப்படி நிலைநிறுத்துவது என்பதைக் கற்றுத்தரும் வகுப்புகள் குறைவு. வகுப்பில் நேரத்தை வேறொருவர் குறித்தார், இடத்தை வேறொருவர் ஏற்பாடு செய்தார், அடுத்து எந்த ஆசனம் என்பதையும் வேறொருவரே சொன்னார். வீட்டில் இந்த மூன்று முடிவுகளையும் நாள்தோறும் நீங்களே எடுக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவருக்கு ஆசனம் செய்வதைவிட அந்த முடிவுகளை எடுப்பதே பெரிய சுமை. ஆகவே அவற்றை ஒரே முறை எடுத்து முடித்துவிடுங்கள்.

முதலாவது நேரம். கடிகார மணியைக் குறிக்காதீர்கள். அன்றாடம் எப்படியும் நடந்தே தீரும் ஒரு செயலைத் தேர்ந்துகொண்டு அதை அடுத்துப் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பி முகம், கை, கால் கழுவுகிறீர்கள் அல்லவா? கழுவித் துடைத்த கையோடு நேராகப் பாய்க்குப் போய்விட வேண்டும். இடையில் நாற்காலியில் உட்காரவோ தொலைபேசியைக் கையில் எடுக்கவோ கூடாது. ஆறரைக்குத் திரும்பினாலும் ஏழேகாலுக்குத் திரும்பினாலும் அந்த வரிசை மாறாமல் இருக்கும்.

இரண்டாவது இடம். தனி அறை தேவையில்லை. படுத்துக் கைகளை விரிக்க இடமிருந்தால் போதும். பாய் கண்ணில் படும்படி சுவரோரம் சுருட்டி நிற்கட்டும். பீரோவுக்குள் போன பாய் வெளியே வருவது அரிது.

மூன்றாவது வரிசை. மாற்றமே இல்லாத ஒரு சிறு வரிசையை முதல் இரண்டு மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பிடிப்பும் உட்கார்ந்தே செய்யும் வேலையும் உள்ளவர்களுக்கு நான் கொடுப்பது இது: தாடாசனத்தில் நின்று, மூச்சை உள்ளிழுத்தபடி கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, வெளிவிட்டபடி இறக்குவது ஆறு முறை. நின்றபடியே இடுப்பிலிருந்து வலமும் இடமும் சாய்வது பக்கத்துக்கு மூன்று மூச்சு. பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகைக் குழித்தும் வளைத்தும் செய்யும் மார்ஜாரியாசனம் எட்டு முறை. குப்புறப் படுத்துத் தலையையும் மார்பையும் மட்டும் உயர்த்தும் தாழ்ந்த புஜங்காசனம் மூன்று முறை. இதில் தொப்புள் தரையை விட்டு எழும்ப வேண்டியதில்லை. குதிகால்களில் உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைக்கும் பாலாசனத்தில் ஆறு மூச்சு. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம் நான்கு முறை, ஒவ்வொரு காலாக மடக்கி வயிற்றோடு அணைத்துக்கொள்வது, அதன்பின் உடலைத் தளர்த்தி அசையாமல் படுத்திருக்கும் சவாசனம் மூன்று நிமிடம். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நொடிகளை எண்ணாமல் மூச்சை எண்ணுங்கள். அவசரப்படும் நாள்களில் மூச்சின் எண்ணிக்கையே உங்கள் வேகத்தைக் கட்டுப்படுத்தும்.

இந்த ஒழுங்கில் ஒரு காரணம் இருக்கிறது. நின்று செய்வன, கையூன்றிச் செய்வன, குப்புறப் படுத்துச் செய்வன, மல்லாந்து செய்வன என்று உடல் படிப்படியாகத் தரையை நோக்கி இறங்குகிறது; இடையிடையே எழுந்து உட்கார வேண்டிய தேவை இல்லாததால் மூச்சு கலைவதில்லை. ஆயுஷ் அமைச்சகம் சர்வதேச யோகா தினத்துக்காக வகுத்திருக்கும் பொது யோகப் பயிற்சியும் தளர்த்தும் அசைவுகளில் தொடங்கி, நின்றும் உட்கார்ந்தும் குப்புறப் படுத்தும் மல்லாந்தும் செய்யும் ஆசனங்களைக் கடந்து, மூச்சுப் பயிற்சியிலும் தியானத்திலும் போய் முடிகிறது. ஆனால் அது ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நீள்வது. ஊர் கூடிச் செய்ய அது நன்று. வீட்டில் தனியாகத் தொடங்குபவர் முதல் நாளே அந்த அளவைக் கையிலெடுப்பது நிலைக்காது.

மிகவும் களைத்த நாளுக்கென்று ஒரு குறைந்த அளவையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். தாடாசனத்தில் ஆறு மூச்சு, சவாசனத்தில் இரண்டு நிமிடம். அவ்வளவு போதும்.

பொன்னிவளநாடு (தஞ்சாவூர்) எழுதியது:

ஆசிரியர் அவர்கள் சொன்ன வரிசையை மதிக்கிறேன்; இரண்டு செய்திகளில் மட்டும் மாறுபடுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வேலைக்கும் போய்வந்த காலத்தில் விடியற்காலைப் பயிற்சியைத் தொடங்கி இன்றுவரை விடாமல் செய்து வருகிறேன். விடியற்காலை புனிதமானது என்று பெரியோர் சொன்னதற்காக மட்டும் அதை நான் வலியுறுத்தவில்லை. குடும்பப் பெண்ணிடம் யாரும் எதையும் கேட்காத நேரம் நாளில் அது ஒன்றுதான். மாலையில் வீடு திரும்பியதும் பிள்ளையின் வீட்டுப்பாடம், தொலைபேசி அழைப்பு, வாசலில் வந்து நிற்கும் உறவினர், மறுநாளைக்கு மாவு இருக்கிறதா என்ற கவலை என்று ஒவ்வொன்றும் உங்களை இழுக்கும். நாலே முக்காலுக்கு எழுந்தால் ஐந்தரைக்குள் முழுப் பயிற்சியும் முடிந்துவிடும், அன்றைய நாள் எப்படிப் போனாலும் அது கைக்குள் இருக்கும்.

இரண்டாவதாக, ஆறு மூச்சு நின்றுவிட்டுப் படுத்தால் அன்றைய பயிற்சி ஆகிவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யும்போதுதான் பயிற்சி உறுதிப்படுகிறது என்று பதஞ்சலி யோக சூத்திரத்தின் முதல் பாதம் கூறுகிறது. குறைத்துக் குறைத்துச் செய்வதில் அந்த மதிப்பு எங்கே இருக்கிறது? மாணவர்களோடு பழகியவள் என்பதால் சொல்கிறேன்: அளவைத் தளர்த்த இடம் கொடுத்தால், தளர்ந்த அளவே வழக்கமாகிவிடும்.

நூலகவாசி (சென்னை) எழுதியது:

பழக்கம் உருவாவது குறித்து நடந்த ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 தன்னார்வலர்களை 12 வாரங்கள் கவனித்து, முடிவுகளை 2010ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் உணவு, பானம், உடற்பயிற்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒரு புதிய செயலைத் தேர்ந்து, நாளின் குறிப்பிட்ட ஒரு நிகழ்வை ஒட்டி, எடுத்துக்காட்டாகக் காலை உணவுக்குப் பிறகு, அதைச் செய்துவர வேண்டும். யோசிக்காமலேயே செய்யும் நிலையை எட்ட ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடுவதாகக் கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்களைவிட உடற்பயிற்சி பழக்கமாக அதிக நாள் பிடித்தது.

அவ்வப்போது ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. ஆகவே மாடித்தோட்டம் அவர்கள் ஒரு நாள் விட்டுப்போனதை எண்ணி மறுபடி முதலிலிருந்து தொடங்குவதாக நினைக்க வேண்டியதில்லை.

இருபத்தொரு நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதையும் இங்கே தெளிவுபடுத்த விரும்புகிறேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்று 1960இல் வெளியான தமது நூலில் எழுதினார். அந்தக் குறிப்பே கைமாறிக் கைமாறி, உடற்பயிற்சி உள்பட எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதியாகிவிட்டது. இதை நம்பித் தொடங்குபவர் நான்காம் வாரத்திலும் பயிற்சி கடினமாகவே இருப்பதைக் கண்டு தம்மிடம்தான் குறை என்று முடிவு கட்டிவிடுகிறார். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நான்காம் வாரத்தில் கடினமாக இருப்பது இயல்பு. பத்தாம் வாரத்தில் இருந்தாலும் இயல்புதான்.

பொன்னிவளநாடு அம்மா குறிப்பிட்ட சூத்திரம் நீண்ட காலத்தையும் கேட்கிறது. குறைந்த அளவு என்ற ஏற்பாடு அந்த நீண்ட காலத்தைக் காப்பதற்காகவே என்று எனக்குத் தோன்றுகிறது. விடியற்காலை பற்றி அவர்கள் சொன்ன காரணம் வலுவானது. ஆனால் பதினொரு மணிக்குப் படுப்பவர் நாலே முக்காலுக்கு எழுந்தால் ஆறு மணி நேரத் தூக்கம்கூட மிஞ்சாது. சர்க்கரை எல்லையில் இருப்பவருக்குத் தூக்கக் குறைவு தனியாக ஒரு கேடு. படுக்கும் நேரத்தை முதலில் முன்னுக்குக் கொண்டுவர முடிந்தால் மட்டுமே விடியற்காலையைப் பற்றி யோசிக்கலாம்.

கரிசல்காடு (சென்னை) எழுதியது:

மருத்துவமனையில் சுழல்முறைப் பணியில் இருக்கும் செவிலியர் நான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறிக்கொண்டே இருப்பதால் விடியற்காலை என்ற நேரமே எனக்குக் கிடையாது. பணி முடிந்து வந்து குளித்துவிட்டுத் துணி மாற்றியதும் பாயில் உட்கார்ந்துவிடுவது என் ஒழுங்கு. அது காலை ஒன்பதாக இருக்கலாம், இரவு பத்தாகவும் இருக்கலாம்; குளியல் முடிந்தால் பாய் என்ற தொடர்பு மட்டும் மாறுவதில்லை.

இரவுப் பணி முடிந்து உறங்கப் போகும் முன் கபாலபாதி போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளையோ விரைவான சூரிய நமஸ்காரத்தையோ நான் செய்வதில்லை. அவை உறக்கத்தை விரட்டிவிடுகின்றன. சுவரோரம் படுத்து, இடுப்புக்குக் கீழே மடித்த போர்வையை வைத்து, கால்களைச் சுவரில் சாய்த்து ஐந்து நிமிடம் இருப்பேன். நாள் முழுவதும் நின்று வீங்கிய கால்களுக்கு அது மிகுந்த சுகம் தருகிறது. என்னைப் போல் நின்றே வேலை செய்யும் கடைப் பணியாளர்கள், ஆசிரியர்கள், போக்குவரத்துக் காவலர்கள் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இரட்டைப்பாலம் (சென்னை) எழுதியது:

இந்த இழையில் என் கேள்வியையும் சேர்த்துக்கொள்ள அனுமதியுங்கள். வயது இருபத்தொன்பது. வகுப்புக்குப் போகாமல் காணொளிகளைப் பார்த்துத் தொடங்கியிருக்கிறேன். உடல் மிகவும் இறுக்கம். கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னே குனியும் பச்சிமோத்தானாசனத்தில் கை முழங்காலைத் தாண்டிப் போவதில்லை. வலிந்து குனிந்தால் கீழ்முதுகு வலிக்கிறது. காணொளியில் செய்பவர் நெற்றியை முழங்காலில் வைக்கிறார். கைகளையும் பாதங்களையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் கீழ்நோக்கிய நாய் நிலையில் மணிக்கட்டும் வலிக்கிறது. தொடர்ந்து செய்தால் சரியாகுமா, அல்லது ஆசிரியர் இல்லாமல் செய்வதே தவறா?

அரும்புமலர் (திருச்சிராப்பள்ளி) எழுதியது:

இயன்முறை மருத்துவர் என்ற முறையில் பதிலளிக்கிறேன். பயிற்சியைப் பாதியில் விடுகிறவர்களில் பலர் வலியால்தான் விடுகிறார்கள். ஆகவே வலியைப் பற்றிப் பேசுவதும் ஒழுங்கைப் பற்றிப் பேசுவதே.

தம்பி, உங்கள் தொடையின் பின்தசைகள் இறுகியிருக்கின்றன. அவை இடுப்பெலும்பின் அடியில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே சென்று முடிபவை. அவை இறுகியிருக்கும்போது காலை நீட்டி உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்னோக்கிச் சரிந்துவிடுகிறது. முன்னே சாய முடியாத நிலையில், குனியும் வேலை முழுவதும் கீழ்முதுகின் மேல் விழுகிறது. மடித்த போர்வையை அடியில் போட்டுச் சற்று உயரமாக உட்காருங்கள், முழங்கால்களைத் தாராளமாக மடக்குங்கள், வயிறு தொடையைத் தொடும்படி முதுகை நீட்டியே சாயுங்கள். நெற்றி எங்கே போகிறது என்பதைப் பார்க்க வேண்டாம். தசை இழுபடும் உணர்வு தொடையின் நடுப்பகுதியில் இருந்தால் சரி. முழங்காலின் பின்குழியிலோ உட்காரும் எலும்பின் அருகிலோ கூர்மையாகக் குத்தினால் உடனே தளர்த்திவிடுங்கள். காலுக்குள் மின்சாரம் ஓடுவது போலவோ மரத்துப்போவது போலவோ இருந்தால் அந்த ஆசனத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மணிக்கட்டு வலிக்குப் பெரும்பாலும் காரணம் உடலின் எடை முழுவதும் உள்ளங்கையின் அடிப்பகுதியில் விழுவதே. விரல்களை அகல விரித்து, ஆள்காட்டி விரலின் அடிமூட்டை அழுத்தி, இடுப்பைப் பின்னே தள்ளினால் எடை கால்களுக்குப் போகும். முதல் சில வாரங்களுக்குத் தரைக்குப் பதிலாகச் சுவரிலோ சமையல் மேடையிலோ கைகளை ஊன்றிச் செய்வது இன்னும் நல்லது.

விடியற்காலையில் எழுந்த உடனே ஆழ்ந்து குனியும் ஆசனங்களைச் செய்ய வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் கூடுதல். காலையில் செய்பவர்கள் நடந்தும் கைகால்களை அசைத்தும் உடலைச் சூடாக்கிய பிறகே குனிய வேண்டும். உடலின் வெப்பநிலை மாலையில் உயர்ந்திருப்பதால் தசைகள் அப்போது எளிதாக வளைந்து கொடுக்கும். காலைப் பயிற்சியில் முடிந்தது மாலையில் முடியவில்லை என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. மறுதலையாகச் சொன்னவர்கள் ஏராளம்.

உயர் இரத்த அழுத்தம், கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா), கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். தலை கீழாகப் போனால் கண்ணுக்குள் அழுத்தம் உயர்கிறது. கருவுற்ற பெண்களும் குடலிறக்கம் உள்ளவர்களும் கபாலபாதி செய்யக் கூடாது. மாடித்தோட்டம் அவர்களுக்கு இப்போது மாத்திரை இல்லை என்பதால் வெறும் வயிற்றில் செய்வதில் அச்சமில்லை. இன்சுலினோ சர்க்கரையைக் கடுமையாகக் குறைக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள், உணவுக்கும் பயிற்சிக்கும் இடையிலான நேரத்தை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

நெடுவழி எழுதியது:

இயன்முறை மருத்துவர் அவர்களுக்கு நன்றி. நான் சொல்ல நினைத்ததை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

இரட்டைப்பாலம் அவர்கள் கேட்ட ஆசிரியர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். காணொளியால் ஆசனத்தைக் காட்ட முடியும். உங்களைப் பார்க்க முடியாது. உங்கள் இடுப்பு பின்னே சரிந்திருப்பதைக் கண்டு ஒரு போர்வையை எடுத்துத் தருவது அதனால் இயலாது. ஆகவே தொடக்கத்தில் சில வாரங்களாவது நேரில் ஒருவரிடம் கற்பது நல்லது. பெரும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் தமிழகத்தின் சிற்றூர்களிலும் இருக்கின்றன. அங்கே கற்றுத்தரும் எளியமுறை உடற்பயிற்சி, கைகால் அசைவுகளில் தொடங்கிப் படிப்படியாகச் செல்வதால் இறுகிய உடலுக்கும் முதியவர்களுக்கும் பொருந்துகிறது. நோய் உள்ளவர்களுக்குச் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பொன்னிவளநாடு அம்மாவின் கருத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலையில் குடும்பம் இழுக்கும் என்பது முழு உண்மை. அதனால்தான் முகம் கழுவியதற்கும் பாய்க்கும் இடையில் எதையும் நுழைய விடாதீர்கள் என்று எழுதினேன். ஆனால் அளவு பற்றி நான் வேறுபடுகிறேன். யோக ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கையைப் பாருங்கள். 1930களில் மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்குக் கற்பித்தபோது அவர் கொடுத்தது கடுமையான, ஒன்றோடொன்று தொடரும் ஆசனங்கள். பிறகு சென்னைக்கு வந்து, 1989இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த காலத்தில், நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் ஒவ்வொருவராகத் தனியே கற்பித்தார். ஆளின் வயது, உடல்நிலை, தொழில், கிடைக்கும் நேரம் ஆகியவற்றை அறிந்து, ஒரு சில ஆசனங்களையே மூச்சோடு இணைத்துக் கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரமும் அந்த வழியையே பின்பற்றியது. கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர் பி. கே. எஸ். அய்யங்கார் புணேயில் நாற்காலி, பட்டை, மரக்கட்டை, சுவர் ஆகியவற்றின் துணையோடு ஆசனங்களை எல்லோருக்கும் எட்டும்படி செய்தார். ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை அமைப்பது மதிப்புக் குறைவு என்று இவர்களில் எவரும் கருதவில்லை.

குறைந்த அளவே வழக்கமாகிவிடும் என்ற கவலைக்கும் பதில் சொல்கிறேன். அப்படி ஆவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆறு மூச்சுக்காகப் பாயில் ஏறி நிற்பவர்களில் பெரும்பாலோர், உடல் சற்றே இளகியதும் தாமாகவே மார்ஜாரியாசனத்துக்குப் போய்விடுவதை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். தொடங்குவதில்தான் தடை இருக்கிறது. வாரத்தில் பாதிக்கு மேல் குறைந்த அளவிலேயே முடிந்தால், தேர்ந்த நேரம் பொருந்தவில்லை என்று கொண்டு நேரத்தை மாற்ற வேண்டும்.

பொன்னிவளநாடு எழுதியது:

கடைசியாகச் சொன்ன விதி எனக்கு ஏற்புடையது. வாரத்தில் பாதி நாளாவது முழு அளவு நடக்க வேண்டும் என்று எல்லை வகுத்துவிட்டால் என் கவலைக்கு இடமில்லை. விடியற்காலையே சிறந்தது என்ற கருத்தை நான் கைவிடவில்லை. மாடித்தோட்டம் மகள் இப்போது மாலையில் தொடங்கட்டும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் பத்து மணிக்குப் படுத்து விடியற்காலையை ஒரு முறை சோதித்துப் பார்க்கட்டும்.

இன்னொரு செய்தி. கோரைப்பாயை வழவழப்பான தரையில் போட்டு நின்று செய்யும் ஆசனங்களைச் செய்யாதீர்கள்; பாய் வழுக்கிக்கொண்டு போகும். படுத்துச் செய்பவற்றுக்குப் பவானி ஜமக்காளம் மிகவும் நன்றாக இருக்கிறது. நின்று செய்பவற்றை வெறுந்தரையில் வெறுங்காலோடு செய்வது பாதத்துக்குப் பிடிமானம் தரும்.

அரும்புமலர் எழுதியது:

முழங்கால் ஊன்றிச் செய்யும் ஆசனங்களுக்கு ஜமக்காளத்தை நான்காக மடித்துக்கொள்ளுங்கள். ரப்பர் பாய் வாங்குவதாக இருந்தால் ஆறு மில்லிமீட்டர் தடிமன் போதும். அதைவிட மெத்தென்று இருந்தால் ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனத்தில் கணுக்கால் ஆடும்.

மாடித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. நேரத்தைப் பற்றி இரு தரப்பும் எழுதியதை வீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். மாலையில் முகம் கழுவிய கையோடு பாய் என்பதையே ஏற்றுக்கொள்கிறேன். இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. வீடு திரும்பியதும் தேநீரும் ஏதாவது பலகாரமும் எடுத்துக்கொள்வது வழக்கம். அதை எங்கே வைப்பது? சிறிய மகள் பாயில் வந்து ஏறிக்கொள்கிறாள். மாதவிடாய் நாள்களில் செய்யலாமா? சர்க்கரைக்கு இந்தக் கால் மணி நேரம் போதுமா?

அரும்புமலர் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: போதாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மெதுவாகச் செய்யும் ஆசனப் பயிற்சி பெரும்பாலும் இலேசான உழைப்பு என்ற வகையிலேயே சேரும். சாப்பிட்ட பிறகு நடப்பது இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும் என்பதால், இரவு உணவுக்குப் பின் மொட்டை மாடியிலோ தெருவிலோ கால் மணி நேரம் நடந்துவிடுங்கள். வார இறுதியில் அதை நீட்டுங்கள். யோகம் கழுத்துக்கும் தூக்கத்துக்கும் துணை நிற்கும். நடையின் இடத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

மாதவிடாய் நாள்களில் பயிற்சியை நிறுத்த வேண்டிய மருத்துவக் காரணம் பொதுவாக இல்லை. குப்புறப் படுப்பது சங்கடமாக இருந்தால் புஜங்காசனத்தை விட்டுவிட்டு, பாலாசனத்திலும் சவாசனத்திலும் கூடுதல் நேரம் இருங்கள். அந்நாள்களில் தலைகீழ் ஆசனங்கள் வேண்டாம் என்று பல மரபுகள் சொல்கின்றன. உங்கள் வரிசையில் அவை இல்லை.

நெடுவழி எழுதியது:

தேநீரும் பலகாரமும் பயிற்சி முடிந்த பிறகே இருக்கட்டும். முழு உணவுக்குப் பின் மூன்று நான்கு மணி நேரம் கழிய வேண்டும் என்பது பொது விதி. மதிய உணவு அதற்குள் செரித்திருக்கும். மிகவும் பசித்தால் அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமோ கைப்பிடி சுண்டலோ போதுமானது. பாயைச் சுருட்டி வைத்த பிறகு தேநீர் காத்திருக்கிறது என்ற எண்ணமே உங்களைப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு வரும்.

மகளை விலக்க வேண்டாம். பக்கத்தில் அவளுக்கென ஒரு துணியை விரித்துக் கொடுங்கள். மார்ஜாரியாசனம் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். சவாசனம் மட்டும் உங்களுக்கே உரியது. அந்த மூன்று நிமிடம் யாரும் அழைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். நேரம் போதாதபோது எல்லோரும் முதலில் வெட்டுவது சவாசனத்தைத்தான். உங்களைப் போல் கழுத்திறுக்கம் உள்ளவர்கள் அதை வெட்டவே கூடாது. வேறு ஏதாவது ஓர் ஆசனத்தை விட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போகும் நாள்களில் குறைந்த அளவை மட்டும், அங்கேயும் முகம் கழுவியதை அடுத்துச் செய்யுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் முழுமையாக நிறுத்திவிட்டு, குணமான பிறகு முதல் மூன்று நாள் பாதி அளவோடு தொடங்குங்கள். விட்டுப்போனதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். தசைவலி வந்து மூன்றாம் நாளும் விட்டுப்போகும்.

இரண்டு மாதம் ஆனதும் எழுதுங்கள். தாழ்ந்த புஜங்காசனத்தில் தோள்கள் காதை நோக்கி ஏறாமல் இருந்தால் அதன் உயரத்தைக் கொஞ்சம் கூட்டலாம். கழுத்துப் பிடிப்பு எந்த அளவில் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பும்போது இழுக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்துத் திரிகோணாசனத்தைச் சேர்ப்பதா, சூரிய நமஸ்காரத்தை இரண்டு சுற்று தொடங்குவதா என்று சொல்ல முடியும்.